வாட்ஸாப்பை விட்டு எங்கே போவது? கம்பம், குமுளிக்காரர்கள் கேட்ட கேள்விகள்

கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், குமுளி, வண்டன்மேடு என்று மலைக்குக் கீழே தமிழ்நாட்டிலும் மேலே கேரளத்திலும் இருப்பவர்கள் சேர்ந்த வாட்ஸாப் குழு ஒன்றை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். ஏலக்காய் என்ன விலைக்குப் போனது, காலை ஜீப்பில் இடம் இருக்கிறதா, கம்பம்மெட்டு ரோட்டில் மண் சரிந்ததா, இதுதான் பேச்சு. 1,024 பேர் ஆகிவிட்டது. அதற்கு மேல் வாட்ஸாப் ஆள் சேர்க்க விடாது. 'ஒரே கம்பெனி கையில் இல்லாத, பரவலாக்கப்பட்ட தளங்கள் இருக்கின்றனவே, பார்க்கலாமா' என்று குழுவில் ஒரு வார்த்தை போட்டேன். கேள்விகள் கொட்டிவிட்டன. ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் குமுளியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், சாஃப்ட்வேர் படித்தவன் இல்லை. ஆனால் அப்படிப் பரவலாக்கப்பட்ட தளங்களில் ஒன்றான மாஸ்டடானுக்கு ஒரு வருடம் சொந்தமாக சர்வர் (தளத்தை ஓட்டும் கம்ப்யூட்டர்) ஓட்டி, கையைச் சுட்டுக்கொண்டு மூடியவன்.

வாட்ஸாப்பே நன்றாகத்தானே ஓடுகிறது? எதற்கு மாற வேண்டும்?

அவசரச் செய்திக்கு வாட்ஸாப்பை மிஞ்ச ஒன்றுமில்லை. அதை யாரும் விடச் சொல்லவில்லை. சிக்கல், பேச்சு நீளும்போது வருகிறது. போன மழைக்காலத்தில் ஒருவர் ஏலச்செடியில் அழுகல் நோய் விழுந்திருக்கிறது, அதற்கு அடிக்கும் போர்டோ கலவை என்ன அளவு என்று கேட்டார். வண்டன்மேட்டுப் பெரியவர் ஒருவர் அளவு, கலக்கும் முறை எல்லாம் பொறுமையாகப் பதில் போட்டார். இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் எண்பது குட்மார்னிங் படங்கள். அடுத்த வாரம் அதே கேள்வி, அதற்கடுத்த வாரமும் அதே கேள்வி. பெரியவர் மூன்றாவது தடவை பதில் போடவில்லை.

இன்னொன்று, 2023 மே கடைசியில் அரிக்கொம்பன் யானை கம்பம் டவுனுக்குள் புகுந்ததே, அந்த நாள் ஞாபகம் இருக்கும். எந்தத் தெருவில் நிற்கிறது என்று தெரியாமல் பழைய வீடியோக்கள் எல்லாம் புதுசு போலச் சுற்றின. ஃபார்வர்டு ஆகிப் போனதைப் போட்டவராலேயே திருத்த முடியவில்லை. மாஸ்டடானில் ஒரு பதிவைத் திருத்தினால், அதைப் பகிர்ந்த மற்ற சர்வர்களுக்கும் திருத்தம் போய்ச் சேரும்; முன்பு என்ன எழுதியிருந்தது என்றும் பார்க்கலாம்.

வாட்ஸாப்புக்கு முன்னால் வேறொரு பெரிய கம்பெனியின் தளத்தில் நமக்கு ஒரு குழு இருந்தது, பழைய ஆட்களுக்குத் தெரியும். ஒருநாள் காலையில் 'விதிமீறல்' என்று ஒற்றை வரி, குழுவைக் காணோம். என்ன விதி, என்ன மீறல் என்று இன்று வரை பதில் இல்லை. கம்பெனியே கடையைக் கட்டினாலும் இதே கதைதான். ஆர்குட் 2014இல் போனது, கூகுள் ப்ளஸ் 2019இல், நம் நாட்டு கூ 2024இல்.

பரவலாக்கப்பட்டது என்றால் என்னதான் அர்த்தம்?

தமிழ்நாட்டு பஸ் ஒரு முதலாளி, கேரள பஸ் இன்னொரு முதலாளி. ஆனால் ரோடும் ரோட்டு விதியும் பொது. அதுபோல, சர்வரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். ஒரு சர்வரில் கணக்கு வைத்திருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரோடு பேசலாம், ஈமெயில் மாதிரி. அந்த ரோட்டு விதிக்குப் பெயர் ஆக்டிவிட்டிபப். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதை முறையாக ஏற்றது. மாஸ்டடான், லெம்மி, படம் போடும் பிக்ஸல்ஃபெட், வீடியோ போடும் பியர்ட்யூப் எல்லாம் அந்த ரோட்டில் ஓடும் வண்டிகள். ப்ளூஸ்கை என்ற தளம் தனக்கென்று வேறு ரோடு போட்டுக்கொண்டது.

மாஸ்டடான் நமக்கு ஒத்துவருமா?

ஜெர்மனியில் ஆய்கென் ரோக்கோ 2016இல் தொடங்கியது. பார்க்க பழைய ட்விட்டர் மாதிரி இருக்கும். நம் ஊர்ப் பக்கம் அந்தப் பெயர் முதலில் காதில் விழுந்தது 2019 நவம்பரில். உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதும் இந்தியர்கள் கும்பலாக அங்கே போனார்கள். பெரும்பாலோர் சில வாரங்களில் திரும்பிவிட்டார்கள். 2022 அக்டோபரில் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியதும் உலகம் முழுக்க அடுத்த அலை.

நல்லது என்னவென்றால், எதை மேலே காட்டுவது, எதை அமுக்குவது என்று முடிவு செய்யும் அல்காரிதம் எதுவும் ஓடாது. வந்த வரிசையில் வரும். விளம்பரம் இல்லை. சர்வர் பிடிக்காவிட்டால் வேறு சர்வருக்கு மாறலாம், நம்மைத் தொடர்பவர்கள் தானாகக் கூட வந்துவிடுவார்கள். ஆனால் எழுதிய பதிவுகள் பழைய வீட்டிலேயே தங்கிவிடும்.

விவாதத்துக்கு அது அவ்வளவு தோதான இடம் இல்லை என்பது என் அனுபவம். ஆளைத் தொடர்வதற்காகக் கட்டியது அது, பொருளைத் தொடர்வதற்கு இல்லை. 'அழுகல் நோய்' என்று ஒரு திண்ணை போட்டு எல்லோரும் சுற்றி உட்கார முடியாது; ஆளாளுக்கு வாசலில் நின்று கத்துவதுபோல இருக்கும். ஒரு பதிவுக்கு மற்ற சர்வர்களில் இருந்து வந்த பதில்களில் சில நம் சர்வருக்கு எட்டாமலே போகும். புதிய பதிப்புகளில் அதைச் சரி செய்துகொண்டு வருகிறார்கள். செய்தி சொல்ல, ரோடு நிலவரம் போட மாஸ்டடான் அருமை. உட்கார்ந்து பேச வேறு இடம் தேவை.

அந்த வேறு இடம் லெம்மியா?

ஆமாம், என் ஓட்டு அதற்குத்தான், ஒரு பெரிய 'ஆனால்' உடன்.

ரெட்டிட் என்ற விவாதத் தளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. தலைப்புக்கு ஒரு குழு, குழுவுக்குள் பதிவு, பதிவுக்குக் கீழே பதில், பதிலுக்குப் பதில். நல்ல பதிலுக்கு ஓட்டுப் போட்டால் அது மேலே ஏறும். பெரியவரின் போர்டோ அளவு மூன்று வருடம் கழித்தும் அதே இடத்தில் இருக்கும். 2023 ஜூனில் ரெட்டிட் வெளி ஆப்களுக்குப் பெரிய கட்டணம் விதித்தபோது ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவைச் சாத்திப் போராடின. அப்போது நிறைய பேர் லெம்மிக்கு வந்தார்கள். மாஸ்டடானில் இருப்பவரும் லெம்மிக் குழுவைத் தொடரலாம், பதில் எழுதலாம், ரோடு ஒன்றுதானே.

இப்போது அந்த 'ஆனால்'. லெம்மிக் குழு அதைத் தொடங்கிய சர்வரோடு சேர்த்துக் கட்டப்பட்டது. ஆள் வேறு சர்வருக்குப் போகலாம், குழுவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சர்வர் நின்றால், மற்ற சர்வர்களில் பழைய பேச்சின் நகல் கிடக்கும், அவ்வளவுதான். குழுவுக்கு உயிர் இருக்காது. ஆகவே எந்த சாஃப்ட்வேர் என்பதைவிட, அந்த சர்வரை யார் எத்தனை வருடமாக ஓட்டுகிறார், பணம் எங்கிருந்து வருகிறது, அட்மின் ஒருவரா நான்கு பேரா என்று பாருங்கள். பெண் கொடுக்கும் இடத்தில் விசாரிப்பதுபோல விசாரியுங்கள்.

லெம்மியை எழுதியவர்களின் அரசியல் பிடிக்காமல் பைஃபெட் என்ற இன்னொன்றுக்குப் போனவர்களும் உண்டு. அங்கிருந்தும் லெம்மிக் குழுக்களைப் படிக்கலாம், எழுதலாம் என்பதால் நமக்கு அது பெரிய பிரச்சினை இல்லை.

ப்ளூஸ்கை எளிதாக இருக்கிறதே, அங்கே போனால் என்ன?

எளிது, மறுக்கவில்லை. ட்விட்டரின் தலைவராக ஜாக் டோர்சி இருந்தபோது 2019இல் அறிவித்த திட்டம், பிறகு தனிக் கம்பெனியானது, 2024 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்தது. நாம் எழுதியதெல்லாம் ஒரு பெட்டியில் இருக்கும்; அந்தப் பெட்டியைப் பதிவுகளோடு வேறு இடத்துக்கு மாற்றலாம். இதில் மாஸ்டடானை விட ஒருபடி மேல். சொந்த டொமைன் (இணைய முகவரி) இருந்தால் அதையே பெயராக வைத்துக்கொள்ளலாம்.

நடைமுறையில் பெரும்பாலோருடைய பெட்டியும் அந்த ஒரே கம்பெனியின் சர்வரில்தான் இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது, யாரும் வெளியே போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தவிர, இதுவும் ஆளைத் தொடரும் இடம். நம் மாதிரி குழுப் பேச்சுக்கு மாஸ்டடானில் சொன்ன குறையேதான் இங்கும்.

மாஸ்டடானில் இருப்பவர் ப்ளூஸ்கையில் இருப்பவரோடு பேச பிரிட்ஜி ஃபெட் என்று ஒரு பாலம் இருக்கிறது. இரண்டு பக்கமும் சம்மதித்தால் வேலை செய்யும். குமுளி எல்லையில் இறங்கி வண்டி மாறுவது மாதிரி. போய்ச் சேரலாம், கொஞ்சம் நடக்க வேண்டும்.

தமிழில் எழுத எங்கே இடம் அதிகம்?

இதை யாரும் கேட்கவில்லை, நானே சேர்த்துக்கொண்டேன், ஏனென்றால் வேடிக்கையான விஷயம். 'குமுளி' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு க, உகரக் குறி, ம, உகரக் குறி, ள, இகரக் குறி என்று ஆறு. எக்ஸ் தளம் ஆறு என்றே எண்ணும். அதனால் அங்கே 280 என்பது தமிழனுக்கு ஏறக்குறைய பாதிதான். மாஸ்டடான் மூன்று என்று நம்மைப்போலவே எண்ணும், அளவு 500. ப்ளூஸ்கையும் நம்மைப்போலத்தான், அளவு 300. லெம்மியில் இந்தக் கவலையே வேண்டாம், பக்கம் பக்கமாக எழுதலாம்.

பாதிப் பேர் மலையாளத்தில் எழுதுகிறார்களே?

எழுதட்டும். மாஸ்டடானிலும் லெம்மியிலும் ஒவ்வொரு பதிவுக்கும் மொழி குறிக்கலாம், படிப்பவர் தனக்கு வேண்டிய மொழிகளைத் தேர்ந்துகொள்ளலாம். குறிக்க மறந்துவிடுவார்கள் என்பதுதான் தொல்லை. தமிழ் எழுத்தில் மலையாளம் பேசும் நம் ஜீப்காரர்களை எந்த மொழியில் சேர்ப்பது என்று சர்வருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிச் சண்டை வந்தால் யார் அடக்குவது?

இதுதான் நிஜமான கேள்வி. தண்ணீர் 136 அடியைத் தாண்டும்போதே நம் குழுவில் குரல் உயர ஆரம்பிக்கும். 2014இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த 142ஐ நெருங்கினால் நான் தூங்கப் போவதில்லை. 2011 டிசம்பரில் இந்த எல்லையில் போக்குவரத்தே நின்ற நாட்களைப் பார்த்தவர்கள் குழுவில் பாதிப் பேர். வாட்ஸாப்பில் நான் ஒரு மெசேஜை நீக்கினால், கம்பத்துக்காரர் 'நீ மேலே இருக்கிறாய், அவர்களுக்குப் பயப்படுகிறாய்' என்கிறார். குமுளிச் சேட்டன் 'தமிழனாச்சே, அவங்க பக்கம்தானே நிப்பே' என்கிறார். காரணம் எழுதி வைக்க அங்கே இடம் இல்லை.

லெம்மியில் எனக்குப் பிடித்தது இங்கேதான் வருகிறது. எந்தப் பதிவு நீக்கப்பட்டது, என்ன காரணம் என்பதெல்லாம் பொதுவான ஒரு பதிவேட்டில் ஏறும். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். மட்டுறுத்துபவர்களாக மலைக்கு மேலிருந்து ஒருவர், கீழிருந்து ஒருவர் போட்டு, அணை சம்பந்தமான பதிவை இருவரும் ஒத்துக்கொண்டால்தான் நீக்குவது என்று வைத்துக்கொள்ளலாம். சண்டை நிற்காது. பழி போடுவது குறையும் என்று நம்புகிறேன்.

வெளியில் இருந்து வம்புக்கு வரும் சர்வரை மொத்தமாகத் தடுக்கவும் வழி இருக்கிறது. 2019இல் கேப் என்ற தளம் மாஸ்டடானின் நிரலை எடுத்து ஓட ஆரம்பித்தபோது, வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போன இடம் என்று மற்ற சர்வர்கள் பலவும் அதைத் துண்டித்தன. கேப் இருந்தது, ஆனால் அது போட்ட சத்தம் அந்த சர்வர்களுக்குக் கேட்கவில்லை.

அட்மின் மேல் கேஸ் போடுவார்களா?

வாட்ஸாப் அட்மினைப் பொறுத்தவரை எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே பேச்சு, அபூர்வமாக. ஒரு உறுப்பினர் போட்டதற்காக அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னது, கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொன்னது. அட்மினே உடந்தையாக இருந்தால் கதை வேறு.

சொந்த சர்வர் வைப்பது இதிலிருந்து மாறுபட்டது. அப்போது நாம் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி 'இடைத்தரகர்', அதாவது மற்றவர்கள் எழுதுவதற்கு இடம் கொடுப்பவர், ஆகிவிடுகிறோம். 2021 விதிகளின்படி, குறை கேட்கும் அலுவலர் ஒருவரின் பெயரும் தொடர்பும் தளத்தில் போட வேண்டும். 50 லட்சம் பேருக்கு மேல் இருந்தால் இன்னும் கெடுபிடி. நமக்கு அந்தக் கவலை இல்லை. சர்வர் வைக்கும் எண்ணம் இருந்தால் ஒரு வக்கீலிடம் அரைமணி நேரம் உட்கார்ந்துவிடுங்கள்.

ரகசியமாகப் பேச மேட்ரிக்ஸ் நல்லது என்கிறார்களே?

நல்லதுதான். 2014இல் வந்தது, வாட்ஸாப் மாதிரியே அரட்டை, பூட்டுப் போட்ட உரையாடல். ஆனால் 2023 மே மாதம் மத்திய அரசு தடுத்த 14 செயலிகளில், மேட்ரிக்ஸுக்குப் பலரும் பயன்படுத்தும் எலிமெண்ட்டும் ஒன்று. அதை எதிர்த்துக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கேரள உயர் நீதிமன்றத்துக்கே போனார்கள். மேட்ரிக்ஸுக்கு வேறு செயலிகளும் உண்டு. இருந்தாலும், ஆயிரம் பேரைக் கூட்டிப் போகும் முன் இதை யோசிக்க வேண்டும்.

மற்ற தளங்களில் ரகசியம் என்று எதையும் எழுதாதீர்கள். மாஸ்டடானில் தனிச் செய்தி என்று அனுப்புவதை அந்த சர்வர் நடத்துபவர் நினைத்தால் பார்க்க முடியும். நான் பார்த்ததில்லை. ஆனால் பார்க்க முடிந்தது.

நோஸ்டர் என்று இன்னொரு பரவலாக்கப்பட்ட தளம் இருக்கிறதே?

வேண்டாம். கணக்கு என்பது ஒரு நீளமான ரகசியச் சாவி. தொலைத்தால் திரும்ப எடுக்க வழியே இல்லை. என் கடைக்கு வாரம் நாலு பேர் போன் லாக்கை மறந்துவிட்டு வருகிறார்கள்.

சொந்தமாக சர்வர் வைத்தால் என்ன? நீங்களே வைத்திருந்தீர்களே?

வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் கேரளப் பள்ளியில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கம்ப்யூட்டர் மன்றத்தில் இருந்தவன், லினக்ஸ் கை வந்த கலை. அவனும் நானும் சேர்ந்து வாடகை சர்வர் ஒன்றில் மாஸ்டடானை நிறுவினோம். நாற்பது பேர் சேர்ந்தார்கள். எழுதியது ஆறு பேர். அந்த ஆறு பேரும் உலகம் முழுக்க ஆட்களைத் தொடர்ந்தார்கள். அப்படித் தொடர்ந்தால் அந்த வெளியாட்கள் போடும் படங்களின் நகலும் நம் சர்வரில் வந்து சேரும் என்பது எனக்கு உறைக்கவில்லை. பழைய நகல்களை அவ்வப்போது துடைத்துவிட ஒரு கட்டளை இருக்கிறது, அதைத் தினமும் தானாக ஓடும்படி வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை.

ஜூலை மாதம், இரவெல்லாம் மழை, மலைப்பாதையில் மரம் விழுந்திருக்கிறது, ரோடு திறந்திருக்கிறதா என்று எல்லோரும் தேடும் நேரம். டிஸ்க் நிரம்பி சர்வர் படுத்துவிட்டது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். காலையில் வாட்ஸாப்பில் ஒரு மெசேஜ்: 'அண்ணே, உங்க யானை செத்துப்போச்சு.' மாஸ்டடான் என்பது யானைக்குச் சொந்தமான, அழிந்துபோன ஒரு விலங்கின் பெயர் என்று அவரிடம் நான்தான் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

ஆகவே என் பதில்: ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்க்க மூன்று பேராவது இல்லாமல் சர்வர் வைக்காதீர்கள். பணம் அப்புறம்தான். சின்ன வாடகை சர்வருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் சுற்றில் ஆகும், அது ஆளுக்கு ஐந்து ரூபாய் போட்டால் வந்துவிடும். தூக்கத்தைப் பங்கு போட முடியாது.

டொமைன் பெயர் எது வாங்கலாம்?

டாட் இன். மலிவாகவோ அழகாகவோ இருக்கிறது என்று வேறு நாட்டுப் பெயரை வாங்காதீர்கள். ஆப்கானிஸ்தானின் டாட் ஏஎஃப் முகவரியில் ஒரு மாஸ்டடான் சர்வர் இருந்தது. 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு அந்தப் பெயரையே முடக்கிவிட்டது.

டைப் அடிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?

நம் குழுவில் எஸ்டேட் வேலைக்குப் போகும் அக்காமார் யாரும் டைப் அடிப்பதில்லை, எல்லாம் வாய்ஸ்தான். மாஸ்டடானில் ஒலிக்கோப்பு போடலாம், லெம்மியில் அது சரிப்படாது. போன் கீபோர்டில் மைக்கை அழுத்திப் பேசினால் தமிழில் எழுத்தாகும் என்று கடைக்கு வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். 'ஏலக்காய்' சரியாக விழுகிறது. 'கம்பம்மெட்டு' ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி விழுகிறது. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, அவர்களுக்காகவே வாட்ஸாப் குழு அப்படியே இருக்கும்.

சரி, முடிவாக என்ன செய்யப் போகிறோம்?

மூன்று மாதம் பரீட்சை. ரோடு, மழை, யானை எல்லாம் வாட்ஸாப்பில். விவசாயமும் அணையும் லெம்மியில், ஏற்கெனவே நன்றாக ஓடும் வேறொருவர் சர்வரில் ஒரு குழுவாக. மட்டுறுத்த கூடலூரில் இருந்து ஒருவர், வண்டன்மேட்டில் இருந்து ஒருவர். நான் இல்லை.

முதல் பதிவு வண்டன்மேட்டுப் பெரியவர் போட்டுவிட்டார், பேத்தி டைப் அடித்துக் கொடுத்திருக்கிறாள்: ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். தனித்தனியாகக் கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. அதற்குக் கீழே கம்பத்தில் இருந்து ஒருவர் பதில் போட்டிருக்கிறார்: தீட்டின அரிவாளைக் கொஞ்ச நேரம் முக்கிப் பாருங்க, செம்பு நிறம் படிஞ்சா இன்னும் சுண்ணாம்பு சேர்க்கணும். இதுவரை பதினோரு ஓட்டு.